நாவல் பிரியும் இடம்: திரைவடிவம் பற்றி முதல் ஒப்படை எழுதுவோருக்கு

யாழ்ப்பாணம் இராமநாதன் வீதியில் ஒரு தேநீர்க் கடையில் முதலாம் வருட மாணவர் ஒருவர் நான்கு தாள்களை என்னிடம் நீட்டினார். நாவல் ஒன்றையும் அதன் திரைவடிவத்தையும் ஆராயும் அவருடைய முதல் ஒப்படை அது. "நாவலில் இருந்த உயிர் படத்தில் இல்லை" என்று தொடங்கியிருந்தார். எந்தப் பக்கத்தில் இருந்த உயிர், படத்தின் எந்த நிமிடத்தில் இல்லாமற்போனது என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. நாவலைப் படித்திருந்தார், படத்தைப் பார்த்திருந்தார், இரண்டின் மேலும் அவருக்கு அன்பும் இருந்தது. தாளில் மட்டும் அந்த அன்புக்குச் சாட்சி எதுவும் இல்லை.

நான் கேட்ட கேள்வி என் ஆசிரியரிடமிருந்து எனக்கு வந்தது. மாணவனாக இருந்தபோது நான் எழுதிய ஒப்படை ஒன்றின் ஓரத்தில், சிவப்புப் பேனையால், ஆறு இடங்களில் அவர் ஒரே சொல்லை எழுதியிருந்தார்: "எங்கே?" இயக்குநர் கதையைச் சிதைத்துவிட்டார் என்று எழுதியிருந்தேன். எங்கே? பாத்திரம் ஆழமாக அமைந்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். எங்கே? மதிப்பெண்ணைப் பற்றி அன்று நான் கவலைப்பட்டது இப்போது நினைவில் இல்லை. அந்தச் சொல் நிற்கிறது. அந்த ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்கும் ஒப்படையை எப்படி எழுதுவது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

எதைத் தெரிவுசெய்வது

நூலும் படமும் உங்கள் கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தலைப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடலாம் என்று இருந்தவர்கள் கடைசி வாரத்தில் தவிப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கரைக்குப் பருவகாலத்தில் வந்து வாடி அமைத்து மீன்பிடிப்போரின் கதை. அது 1978இல் இலங்கைத் தமிழ்ப் படமாகவும் வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று அதைப் பற்றி நல்ல கட்டுரை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனாலும் படத்தை முழுமையாக, இரண்டு தடவை பார்க்க வழி கிடைத்த பிறகே அந்தத் தலைப்பை விரிவுரையாளரிடம் சொல்லுங்கள். பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஆராய்ச்சி எழுத முடியாது.

அடுத்தது அளவு. 'பொன்னியின் செல்வன்' மேல் எல்லோருக்கும் ஆசை இருக்கும். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நிற்கும் நாவல் அது. மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாக எடுத்தார். இரண்டாயிரம் சொல்லில் எழுதும் ஒப்படைக்குள் அதை அடக்க நினைத்தால் கதைச்சுருக்கத்திலேயே தாள் தீர்ந்துவிடும். விட மனமில்லை என்றால் ஒரு பாத்திரத்தின் அறிமுகத்தை மட்டும் எடுங்கள்: நந்தினி நூலில் எப்படி நம் முன் வருகிறாள், திரையில் எப்படி வருகிறாள். அவ்வளவு போதும்.

முதல் முயற்சிக்குச் சிறிய நாவல் அல்லது நெடுங்கதை நல்லது. நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது பூமணியின் 'வெக்கை' (1982). அதை வைத்து வெற்றிமாறன் 2019இல் 'அசுரன்' எடுத்தார். அதே இயக்குநரின் 'விசாரணை', மு. சந்திரகுமார் தம் அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து பிறந்தது. நூல் முடிந்த பிறகும் படம் வேறொரு கதைக்குள் தொடர்ந்து போவதால் அதுவும் நல்ல தெரிவு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை', அதிலிருந்து மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' (1979) இன்னொரு சோடி.

நூல்களுக்குப் பொது நூலகமும் பல்கலைக்கழக நூலகமும் இருக்கின்றன. இலங்கைத் தமிழ் எழுத்தாளர்களின் படைப்பு என்றால் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதை முதல் நாளே குறித்துவையுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். படத்திலும் இதே கவனம் வேண்டும். தொலைக்காட்சியில் ஓடும் பிரதியில் காட்சிகள் வெட்டப்பட்டிருக்கலாம். இயக்குநர் விட்டுவிட்டார் என்று நீங்கள் குற்றம் சொல்லும் காட்சியைத் தொலைக்காட்சிக்காரர் விட்டிருந்தால் உங்கள் வாதம் முழுதும் சரிந்துவிடும்.

படிப்பதும் பார்ப்பதும்

நூலை முதலில் படியுங்கள். படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தால் பாதகமில்லை, ஆனால் நூலைப் படிக்கும் வாரத்தில் படத்தைத் தொடாதீர்கள். நடிகரின் முகம் மனத்தில் ஏறிவிட்டால் எழுத்தாளர் வரைந்த முகம் தெரியாது. பென்சிலோடு படியுங்கள். நூலகப் புத்தகம் என்றால் அதில் கோடு இழுக்காமல் துண்டுத் தாள்களைச் செருகுங்கள்.

படத்தை முதல் தடவை பேனை இல்லாமல் பாருங்கள். சாதாரண இரசிகராக, விளக்கை அணைத்து, கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு நின்றது, எந்த இடத்தில் சலித்தது என்பது அந்த முதல் பார்வையில்தான் தெரியும். பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது.

இரண்டாம் தடவைக்கு ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். பக்கத்தின் நடுவில் கோடு கீறி இடப்பக்கம் நூல், வலப்பக்கம் படம் என்று வையுங்கள். இடப்பக்கத்தில் பக்க எண், வலப்பக்கத்தில் மணி, நிமிடம். இவை இல்லாத குறிப்பு குறிப்பே இல்லை. நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரு முழு நாள் போகும். அந்த ஒரு நாளைக் கொடுப்பவருக்கும் கொடுக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் ஒப்படையின் முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும்.

பிரியும் இடம்

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஒப்படையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது.

கொப்பியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிரம்பியதும் வேறுபாடுகள் நாற்பது, ஐம்பது சேர்ந்திருக்கும். பெயர் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், ஒரு மாமா காணாமற்போயிருப்பார். புதிய மாணவர் இவை எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு ஒப்படை முடிந்தது என்று நினைக்கிறார். அது கடைக்கணக்கு எழுதுவதைப் போன்றது. அந்த ஐம்பதில் எந்த ஒன்றை மாற்றியதால் மற்றவையும் மாற வேண்டியதாயிற்று என்று தேடுங்கள். நூலும் படமும் கைவிட்டுப் பிரியும் சந்தி அது. உங்கள் கட்டுரை அந்தச் சந்தியில்தான் நிற்க வேண்டும்.

'வெக்கை'யையும் 'அசுர'னையும் வைத்துப் பார்ப்போம். பூமணியின் நாவல் வெட்டோடு தொடங்குகிறது. தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிப்போட நினைத்த சிறுவன் சிதம்பரம் அவனைக் கொன்றேவிடுகிறான். அங்கிருந்து ஓட்டம். தந்தையும் மகனும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரியும் நாட்கள்தான் நாவல். நாம் பெரும்பாலும் அந்தச் சிறுவனின் தோளருகே நின்று பார்க்கிறோம். பசி, தாகம், வெயில், தின்னக் கிடைக்கும் காய், சோறு பொங்கும் இடம், வீட்டு நினைவு.

படம் எப்படித் தொடங்குகிறது? இரவு. நீரில் நிலவின் நிழல். அந்த நிழலைக் கலைத்துக்கொண்டு தந்தையும் மகனும் நீரைக் கடக்கிறார்கள். வெட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது, நாம் அதைப் பிறகுதான் பார்ப்போம். சற்றுக் கழித்துப் படம் தந்தை சிவசாமியின் இளமைக்காலத்துக்குள் நீண்ட நேரம் போகிறது. அங்கே ஒரு பெண் செருப்பு அணிந்து நடந்ததற்காக அவமதிக்கப்படுகிறாள். குடிசைகள் எரிகின்றன. 1968 டிசெம்பர் 25ஆம் நாள் தஞ்சைப் பகுதிக் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் குடிசையோடு எரிக்கப்பட்ட கொடுமையை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது.

இப்போது தலைப்பைப் பாருங்கள். வெக்கை என்பது சூடு. காற்றிலும் மண்ணிலும் உடம்பிலும் இருப்பது, ஒருவருக்கு மட்டும் சொந்தமாகாதது. அசுரன் என்பது ஓர் ஆள். தலைப்பு மாறியபோதே கதையின் மையம் மகனிடமிருந்து தந்தைக்குப் போய்விட்டது. மையம் தந்தைக்குப் போனதால் அவருக்கு ஒரு கடந்தகாலம் தேவைப்பட்டது. கடந்தகாலம் வந்ததால் தொடக்கத்தில் வெட்டைக் காட்ட முடியவில்லை, அதற்கான காரணத்தைப் படிப்படியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தொடக்கம், பின்னோக்குக் காட்சி, தலைப்பு ஆகிய மூன்றும் ஒரே முடிவின் மூன்று விளைவுகள். ஐம்பது வேறுபாடுகளிலிருந்து ஒன்றைப் பிடிப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒரு குறுக்குவழியில் இறங்குவார்கள். "பெரிய நடிகர் நடிப்பதால் தந்தையை நாயகனாக்கிவிட்டார்கள், வணிகத்துக்காகச் செய்தது" என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போவார்கள். வணிகம் ஒரு காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் காரணத்தைச் சொன்னதும் வேலை முடிந்துவிடாது. அந்த மாற்றம் படத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஊரார் காலில் விழுந்து எழும் தந்தையைப் படத்தின் முற்பகுதியில் பார்க்கிறோம். அவருடைய இளமைக்காலத்தைப் பார்த்த பிறகு, அந்த விழுதலை வேறு கண்ணால் நினைக்கிறோம். இந்த இரண்டாம் பார்வையைத் தருவதற்குத்தான் படம் பின்னோக்கிச் சென்றது என்று ஒருவர் வாதிடலாம். சிறுவனின் மனக்கொதிப்பை அது மூடிவிட்டது என்று இன்னொருவர் வாதிடலாம். இரண்டும் நல்ல ஒப்படைகள் ஆகும். "வணிகம்" என்ற ஒற்றைச் சொல் ஒப்படை ஆகாது.

முடிவையும் இப்படியே அருகருகே வைத்துப் பாருங்கள். படம் நீதிமன்ற வாசலில் தந்தை மகனுக்குக் கல்வியைப் பற்றிச் சொல்லும் அறிவுரையோடு நிறைகிறது. நாவலின் கடைசிப் பக்கங்களை அதன் பக்கத்தில் விரித்து, அங்கே யார் பேசுகிறார்கள், யார் மௌனமாக இருக்கிறார்கள் என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு நான் விடை சொன்னால் உங்கள் கட்டுரையை நான் எழுதியதாகிவிடும்.

வாதத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்

சந்தியைக் கண்டுபிடித்ததும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். மூன்று தடவையாவது திருத்துங்கள். முதல் தடவை பெரும்பாலும் இப்படி வரும்: "வெக்கை நாவலுக்கும் அசுரன் படத்துக்கும் இடையே பல வேறுபாடுகள் உள்ளன." இதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆகவே இதில் வாதம் இல்லை. இரண்டாம் தடவை: "நாவலில் மகனும் படத்தில் தந்தையும் மையமாகிறார்கள்." உண்மை, ஆனால் அதனால் என்ன? மூன்றாம் தடவை: "வெக்கை ஒரு சிறுவன் செய்த கொலையின் சூட்டுக்குள் நம்மை நிறுத்துகிறது. அசுரன் அந்தச் சூட்டைத் தந்தையின் கடந்தகாலத்துக்குக் கொண்டுபோய் அதற்கு வரலாற்றுக் காரணம் கொடுக்கிறது. அதனால் வன்முறையின் நியாயம் கூடுகிறது, அதன் புதிர் குறைகிறது." இதை ஒருவர் மறுக்கலாம். மறுப்பதற்கு அவரும் நூலைத் திறக்க வேண்டும். அப்படியானால் வாக்கியம் சரியாக வந்திருக்கிறது.

'மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா' என்ற கேள்வியை வைத்து வாதம் அமைக்காதீர்கள். ஜெயகாந்தனை எடுத்துப் பாருங்கள். 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையில், மழையில் கெட்டுவந்த மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தக் கதைக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அவர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் அப்படிச் செய்யவில்லை. அவள் கூச்சலிட, விடயம் வெளியே தெரிந்துவிடுகிறது. மகளின் வாழ்வு வேறு வழியில் போகிறது. அந்த நாவலுக்குத் திரைக்கதையை ஜெயகாந்தனே எழுத, 1977இல் ஏ. பீம்சிங் படமாக இயக்கினார். இப்போது மூலம் எது? சிறுகதையா, நாவலா? எழுத்தாளரே தம் கதையை மாற்றியிருக்கும்போது இயக்குநர் மாற்றினார் என்று நாம் ஏன் கோபப்பட வேண்டும்? திரைவடிவம் என்பது ஒருவர் நூலைப் படித்த விதம். நீங்களும் அதே நூலைப் படித்த இன்னொரு வாசகர். இரண்டு வாசகர்கள் சந்தித்துப் பேசும் பேச்சாக ஒப்படையை நினைத்தால் தீர்ப்புச் சொல்லும் ஆசை தானே அடங்கும்.

கண்ணும் காதும்

தமிழ் மாணவர்களுக்குக் கதையை ஆராய நன்றாக வரும். பள்ளியில் அதைத்தான் பழகியிருக்கிறோம். படத்தைப் பற்றி எழுதும்போதும் கதையையும் வசனத்தையும் மட்டும் எழுதுகிறோம். திரையில் கதை சொல்வது ஒளி, ஒலி, கமெராவின் தூரம், ஒரு காட்சித்துண்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பவை. இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத ஒப்படை படத்தைப் பற்றிய ஒப்படை ஆகாது.

கலைச்சொற்களைக் கண்டு பயப்பட வேண்டாம். அண்மைக் காட்சி (நெருங்கிக் காட்டுவது), சேய்மைக் காட்சி (தூரத்திலிருந்து காட்டுவது), படத்தொகுப்பு (காட்சித்துண்டுகளை வெட்டி இணைப்பது), பின்னணி இசை ஆகிய நான்கும் தெரிந்தால் போதும், தொடங்கலாம். ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். நான் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். செய்து பார்த்தவர்கள் அடுத்த நாள் வந்து இரண்டு பக்கம் எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

'உதிரிப்பூக்க'ளின் கடைசிக் காட்சியில் இதைச் செய்து பாருங்கள். மனைவிக்கும் மற்றவர்களுக்கும் கொடுமை செய்த சுந்தரவடிவேலுவை ஊர் மக்கள் ஆற்றுக்கு அழைத்துவருகிறார்கள். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன், அதுதான் நான் செய்த பெரிய தவறு என்ற பொருள்பட அவர் பேசுகிறார். பிறகு நீருக்குள் இறங்குகிறார். புதுமைப்பித்தனின் கதையில் இப்படியொரு முடிவு இல்லை. கதையின் தலைப்பு தாயின் இடத்துக்கு வருபவளைச் சுட்டுகிறது, படத்தின் தலைப்பு உதிர்ந்துபோகும் பிள்ளைகளைச் சுட்டுகிறது, கடைசிக் காட்சியோ தந்தையின் மேல் நிற்கிறது. அந்தக் காட்சியில் ஊரார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள்? யாருடைய முகம் அருகில் வருகிறது? இளையராஜாவின் இசை எங்கே ஒலிக்கிறது, எங்கே நிற்கிறது? பிள்ளைகள் எங்கே? இந்த நான்கு கேள்விக்கும் நிமிடக் கணக்கோடு விடை எழுதினால் உங்கள் ஒப்படையின் சிறந்த பந்தி அதுவாகத்தான் இருக்கும்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில் நம் ஊருக்கும் ஓர் இழை இருக்கிறது. லெனாட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில்தான், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில்தான், தம் இலங்கைப் பணியைத் தொடங்கினார். பிறகு அம்பாந்தோட்டையில் பணியாற்றி, நாடு திரும்பி, 1913இல் காட்டோரச் சிங்களக் கிராமம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் 'The Village in the Jungle' என்ற நாவலை எழுதினார். 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 'பெத்தேகம' என்ற பெயரில் சிங்களப் படமாக எடுத்தார். நாவலில் சிலிந்துவும் அவன் பிள்ளைகளும் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில் நமக்குக் கிடைக்கிறது. படத்தில் அவர்களுக்கு அவர்களுடைய மொழி திரும்பக் கிடைக்கிறது. படத்தின் நீதிமன்றத்தில் வூல்ஃபின் பாத்திரத்தில் நீதிபதியாக அமர்ந்திருப்பவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். எழுதும் கையாக நாவலுக்கு வெளியே இருந்த வெள்ளைக்கார அதிகாரி திரையில் ஓர் உடம்பாக, மேடைமேல் ஒரு முகமாக நம் கண்ணில் படுகிறார். யார் யாரைப் பார்த்து எழுதினார், இப்போது யார் யாரைப் பார்க்கிறார் என்று ஒரு மாணவர் கேட்டால் நான் எழுந்து நின்று வாசிப்பேன். சிங்களம் தெரியாதவர்கள் துணைத்தலைப்பை வைத்துத்தான் பார்ப்பீர்கள். அப்படியானால் மேற்கோள் காட்டும்போது அது துணைத்தலைப்பு என்று எழுதுங்கள். வசனம் என்று எழுதாதீர்கள்.

எழுதும்போது

பாதி ஒப்படை நூலுக்கு, பாதி படத்துக்கு என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பந்தியிலும் இரண்டும் வர வேண்டும். கதைச்சுருக்கம் நூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது. உங்கள் விரிவுரையாளர் கதையை அறிவார். வாதத்துக்குத் தேவையான அளவு கதை அந்தந்தப் பந்தியிலேயே வந்துவிடும்.

ஒரே விடயத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். முதலாவது, நான் அடிக்கடி பார்ப்பது:

"வெக்கை நாவலில் சிதம்பரம் முக்கியமான பாத்திரம் ஆவான். அசுரன் படத்தில் சிவசாமி முக்கியமானவர். தனுஷ் மிகச் சிறப்பாக நடித்துள்ளார். நாவலில் உள்ள உணர்வு படத்திலும் உள்ளது. ஆனால் சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன."

இரண்டாவது:

"பூமணியின் நாவலில் முதல் செயலே வெட்டு. யார், ஏன் என்று வாசகர் அறியுமுன் சிறுவனின் கை ஓங்கிவிட்டது. ஆகவே குற்றம் செய்தவனோடு, அவனை எடைபோட நேரமில்லாமல், நாமும் ஓடுகிறோம். வெற்றிமாறனின் படம் அந்தக் கணத்தைத் தள்ளிவைத்து, நிலவு நிழலாடும் நீரில் நடக்கும் இருவரோடு தொடங்குகிறது. ஒளிப்பதிவாளர் வேல்ராஜின் கமெரா நீரை முதலில் காட்டி, மனிதரைப் பிறகு காட்டுகிறது. நாம் ஓடவில்லை, பார்க்கிறோம். என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்குகிறோம். அந்தக் கேள்விக்குப் படம் தரும் விடை மகனிடம் இல்லை, தந்தையின் இளமைக்காலத்தில் இருக்கிறது."

இரண்டாவதில் பக்க எண்ணும் நிமிடமும் சேர்த்தால் "எங்கே?" என்று எழுத ஓரத்தில் இடமிருக்காது. நல்ல தமிழா கெட்ட தமிழா என்று இங்கே பார்க்காதீர்கள். முதலாவது பந்தியை எந்த நாவலுக்கும் எந்தப் படத்துக்கும் பெயரை மாற்றி ஒட்டிவிடலாம். இரண்டாவதை ஒட்ட முடியாது.

சின்னத் தவறுகள் சில உண்டு. "தனுஷ் காட்டுக்குள் ஓடுகிறார்" என்று எழுதாதீர்கள். ஓடுவது சிவசாமி. நடிப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் நடிகர் பெயர் வரட்டும். நூலிலும் படத்திலும் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுங்கள். இயக்குநர் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லாமல் ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர் செய்ததை அவரவர் பெயரில் சொல்லுங்கள்.

மேற்கோளில் ஒரு கவனம் வேண்டும். 'வெக்கை' தமிழ்நாட்டின் கரிசல் காட்டுப் பேச்சில் எழுதப்பட்டது. நம் ஊர்க் காதுக்குப் பல சொற்கள் புதியவை. புரியாத சொல்லை ஊகித்துக் கடக்காமல் அகராதியிலோ அந்தப் பக்கத்து நண்பர்களிடமோ கேளுங்கள். மேற்கோள் காட்டும்போது எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுங்கள். அதை யாழ்ப்பாணத் தமிழாகவோ ஏட்டுத் தமிழாகவோ திருத்தினால் பாத்திரத்தின் வாயை மூடியதாகிவிடும்.

விமர்சனங்கள், யூடியூப் விளக்கங்கள் எல்லாம் உங்கள் ஒரு வாக்கியம் உறுதியான பிறகுதான். அதற்கு முன்பு பார்த்தால் அடுத்தவர் கருத்து உங்களுடையதைப் போல நாவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. யாரிடமிருந்து எடுத்தாலும் அடிக்குறிப்பில் பெயரைச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு எழுதும் பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. நாவலில் இல்லாத காட்சியைப் பக்க எண்ணோடு சொல்லும் ஒப்படைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் நூலைத் திறக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். உசாத்துணை எழுதும் முறை துறைக்குத் துறை வேறுபடும். முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

கடைசி இரண்டு நாள்

எழுதி முடித்ததும் ஒரு நாள் மூடி வையுங்கள். மறுநாள் அந்த நூலையும் படத்தையும் அறியாத ஒருவருக்கு வாய்விட்டு வாசியுங்கள். அம்மாவாக இருக்கலாம், விடுதி அறை நண்பராக இருக்கலாம். அவர்கள் எந்த இடத்தில் "அது யார்?" என்று கேட்கிறார்களோ அங்கே ஒரு வரி சேருங்கள். எந்த இடத்தில் கண் வேறு பக்கம் போகிறதோ அங்கே இரண்டு வரியை எடுங்கள்.

பிறகு பென்சிலை எடுத்து, நீங்கள் தீர்ப்புச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் "எங்கே?" என்று நீங்களே எழுதுங்கள். விடையாக ஒரு பக்கமோ நிமிடமோ இருந்தால் பென்சில் குறியை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொப்பிக்குப் போய்த் தேடுங்கள். கொப்பியிலும் இல்லை என்றால், எவ்வளவு அழகான வாக்கியமாக இருந்தாலும், அதை எடுத்துவிடுங்கள். தேநீர்க் கடையில் சந்தித்த மாணவர் இப்படிச் செய்தபோது நான்கு தாளில் ஒன்றரைத் தாள்தான் மிஞ்சியது. இரண்டு வாரம் கழித்து ஏழு தாளோடு வந்தார். முதல் வரியில் ஒரு பக்க எண் இருந்தது.

பாத்திரப் பெயர்கள், ஆண்டுகள், இயக்குநர் பெயரின் எழுத்து ஆகியவற்றை நூலின் அட்டையையும் படத்தின் பெயர்ப்பட்டியலையும் பார்த்து ஒரு தடவை சரிபாருங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் மாலையில் திருநெல்வேலிச் சந்திப் பக்கத்து அச்செடுக்கும் கடைகளில் நெரிசலாக இருக்கும், எழுத்துரு மாறி வந்தாலும் திருத்த நேரம் இராது. அதற்கும் ஒரு நாள் முன்னதாகக் காலையிலேயே போங்கள்.